மழைக்காலமும் மழலைச் சளியும்: ஒரு வரலாற்றுப் பாடம்



ஐப்பசி பிறந்து அடைமழை தொடங்கிவிட்டால் என் வாட்ஸ்அப்புக்கு ஒரே கேள்விதான் வருகிறது. "டீச்சர், பாப்பாவுக்கு ரெண்டு வயசு. ஒரு வாரமா மூக்கு ஒழுகுது. ராத்திரி இருமி இருமித் தூங்க மாட்டேங்குது. என்ன சிரப் குடுக்கலாம்?" சொந்தத்திலிருந்து வந்தால், "சித்தி, அந்தக் காலத்துல நம்ம வீட்டுல என்ன கை வைத்தியம் பண்ணுவீங்க?" கேட்பவர்களில் பாதிப் பேர் ஒன்றாம் வகுப்பில் என் முன்னால் மூக்கை உறிஞ்சிக்கொண்டே 'அ, ஆ' எழுதியவர்கள். இன்று அவர்கள் பிள்ளைகளுக்கு மூக்கு ஒழுகுகிறது!

நான் டாக்டர் இல்லை. ஆசிரியப் பயிற்சி முடித்து, பணிக்காலம் முழுவதும் சிறு பிள்ளைகளோடு இருந்து ஓய்வு பெற்றவள். மருந்து எழுதித் தர எனக்குத் தகுதி கிடையாது. ஆனால் வரலாறு சொல்லித் தரலாம் அல்லவா? குழந்தையின் சளிக்கும் ஒரு வரலாறு இருக்கிறது. அதைத் தெரிந்துகொண்டால் எதற்குப் பயப்பட வேண்டும், எதற்குப் பயப்பட வேண்டாம் என்பது தெளிவாகும். கொஞ்சம் நீளமான பதிவுதான். பிள்ளையைத் தூங்க வைத்துவிட்டு நிதானமாகப் படியுங்கள்.

முதலில் நம் வீட்டிலிருந்தே தொடங்குகிறேன்.

என் மாமியாரை நம் சொந்தங்கள் எல்லோரும் 'பெரியாத்தா' என்பீர்கள். அவர் பெற்றது ஏழு. தங்கியது நான்கு. போன மூன்றில் இரண்டு, மழைக்காலத்தில் "சளி கட்டி இழுத்துக்கிட்டுப் போனது" என்று சொல்வார். அதற்கு மேல் அவருக்கு விவரம் தெரியாது. அந்தக் காலத்தில் இது ஒன்றும் அதிசயமான கணக்கு இல்லை. உங்கள் வீட்டுப் பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள். கொள்ளுப்பாட்டிகள் பெற்றது ஒரு எண்ணாகவும், தங்கியது வேறு எண்ணாகவும்தான் இருக்கும்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், "அந்தக் காலத்தில் கை வைத்தியத்திலேயே எல்லாப் பிள்ளைகளும் நன்றாக இருந்தார்கள்" என்று பலர் பகிர்கிறீர்கள். அது உண்மையில்லை. நன்றாக இருந்தவர்கள்தான் இன்று பேசுகிறோம். போனவர்கள் பேச வரமாட்டார்கள்.

அதற்காகப் பெரியாத்தாவின் வைத்தியத்தை நான் குறை சொல்லவும் மாட்டேன். அதில் பாதி பொன்னானது. சளி பிடித்த பிள்ளைக்குத் தாய்ப்பாலை நிறுத்தக் கூடாது என்பார். குடித்துக்கொண்டே இருக்க வேண்டும் என்று வெதுவெதுப்பான கஞ்சித் தண்ணீர், ரசம் சாதம் கொஞ்சம் கொஞ்சமாக ஊட்டுவார். இரவெல்லாம் மடியில் நிமிர்த்திப் போட்டுக்கொண்டு, தூங்காமல் நெஞ்சைப் பார்த்துக்கொண்டே இருப்பார். ஒரு வயது தாண்டிய பிள்ளைக்குத் துளசிச் சாறோ கற்பூரவல்லிச் சாறோ நாலு சொட்டு, தேனில் குழைத்துத் தருவார். ஒரு வயது தாண்டிய பிள்ளையின் இரவு இருமலுக்குத் தேன் இதமாக இருக்கும் என்று இன்றைய ஆய்வுகளும் சொல்கின்றன. ஆனால் ஒரு வயதுக்குள் தேன் கூடவே கூடாது. தேனில் இருக்கக்கூடிய ஒரு கிருமியின் வித்து, கைக்குழந்தையின் குடலில் முளைத்து நஞ்சாகி உடலைத் துவளச் செய்துவிடும். 1976இல்தான் அமெரிக்க மருத்துவர்கள் அப்படி ஒரு நோய் இருப்பதையே கண்டுபிடித்தார்கள். பிறந்த பிள்ளையின் நாக்கில் தேன் தொட்டு வைப்பவர்கள் இதைக் கவனியுங்கள்.

மறுபாதி வைத்தியத்தைத்தான் கைவிட வேண்டும். குளிப்பாட்டும்போது மூக்கில் எண்ணெய் விடுவது, வாயால் மூக்கை ஊதுவது, எண்ணெயையோ நெய்யையோ வலுக்கட்டாயமாக வாயில் ஊற்றுவது. அழுகிற பிள்ளையின் வாயிலும் மூக்கிலும் விட்ட எண்ணெய் வயிற்றுக்குப் போகாமல் நுரையீரலுக்குப் போகும். போனது கரையாமல் அங்கேயே தங்கி ஒரு வகை நிமோனியா ஆகும். மூக்கில் விடும் எண்ணெய்ச் சொட்டால் வரும் இந்த நோயை 1925லேயே மருத்துவர்கள் எழுதிவிட்டார்கள். நம் தென்னிந்தியக் குழந்தைகளிடம் இது இருப்பது 1973இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வெளியானது. சாம்பிராணிப் புகையும் அப்படித்தான். சளி பிடித்த பிள்ளைக்கு ஏற்கெனவே மூச்சுப் பாதை வீங்கிக் குறுகியிருக்கும். அதில் புகையை வேறு ஏற்றினால் என்னவாகும்? தலைமுடி காய மின்விசிறி இருக்கிறது, துண்டு இருக்கிறது.

இப்போது அடுத்த கேள்வி. மழையில் நனைந்தால் சளி பிடிக்குமா?

"தலையைத் துவட்டாம விளையாடப் போனா சளி பிடிக்கும்" என்று நானே வகுப்பில் ஆயிரம் முறை சொல்லியிருப்பேன். இதை இங்கிலாந்தில் சோதித்தே பார்த்தார்கள். இரண்டாம் உலகப்போர் முடிந்ததும், 1946இல், சால்ஸ்பரி நகருக்குப் பக்கத்தில் ஜலதோஷத்துக்கென்றே ஓர் ஆராய்ச்சி நிலையம் தொடங்கினார்கள். போரின்போது கட்டிய மருத்துவமனைக் கட்டடங்கள் சும்மா கிடந்தன. அங்கே தொண்டர்களை வரவழைத்து, பத்து நாள் இலவசச் சாப்பாடு, தங்குமிடம் கொடுத்து, மூக்கில் சளிக் கிருமியை விட்டுப் பார்த்தார்கள். கல்லூரி மாணவர்களும் புதுமணத் தம்பதிகளும் விடுமுறைக்குப் போவதுபோல் போனார்களாம்! ஒரு சோதனையில் சிலரை வெந்நீரில் குளிக்க வைத்து, ஈரத்தோடு குளிர்காற்றில் நிற்கவிட்டார்கள். அவர்களுக்கு மற்றவர்களைவிட அதிகமாகச் சளி பிடிக்கவில்லை. சளி கிருமியால் வருகிறது. வெறும் ஈரத்தால் வருவதில்லை.

பிறகு ஏன் மழைக்காலத்தில் வருகிறது? வட இந்தியாவில் ஃப்ளூ ஒரு பருவத்தில் ஏறினால், வடகிழக்குப் பருவமழை பெய்யும் நம் பக்கம் அக்டோபர், நவம்பரில் ஏறுகிறது. மழை பெய்தால் எல்லோரும் ஜன்னலைச் சாத்திக்கொண்டு ஒரே அறையில் அடைந்து கிடக்கிறோம். அண்ணன் பள்ளியிலிருந்து கொண்டுவருவான், தங்கைக்குக் கொடுப்பான். அங்கன்வாடியிலோ விளையாட்டுப் பள்ளியிலோ ஒரே பொம்மையைப் பத்துப் பிள்ளைகள் வாயில் வைப்பார்கள். இப்படிப் பரவும் கிருமிகளில் நூற்றுக்கு மேற்பட்ட வகைகள் உண்டு. ஒன்றுக்கு எதிர்ப்புச் சக்தி வந்தால் அடுத்தது காத்திருக்கும். அதனால்தான் சின்னப் பிள்ளைக்கு வருடத்துக்கு ஆறு, எட்டு முறை சளி பிடிப்பது இயல்பு. "என் பிள்ளைக்கு மட்டும் ஏன் மாதா மாதம்?" என்று அழுகிற தாய்மார்களே, உங்கள் வளர்ப்பில் ஒரு குறையும் இல்லை.

ஜலதோஷம் வேறு, ஃப்ளூ வேறு என்பதையும் வரலாறு ஒரு பெரிய விலை கொடுத்துத்தான் கற்றது. 1918 ஜூனில் பம்பாயில் இறங்கிய இன்ஃபுளுயன்சா, அந்த ஆண்டு முடிவதற்குள் இந்தியாவில் ஒரு கோடிக்கும் அதிகமானோரைக் கொண்டுபோனது. நம் நாட்டு மக்கள்தொகை கணக்கெடுப்பு வரலாற்றில் எண்ணிக்கை குறைந்த ஒரே பத்தாண்டு 1911 முதல் 1921 வரைதான். ஏழாம் வகுப்புப் பிள்ளைகளிடம் இதை வரைபடமாகப் போடச் சொன்னால் அந்த ஒரு பள்ளத்தைப் பார்த்து "ஏன் டீச்சர்?" என்று கேட்பார்கள். இறந்தவர்களில் மிகப் பலர் இளம் வயதினர். அதாவது கைக்குழந்தை வைத்திருந்த தாய், தந்தையர். காய்ச்சலில் தப்பிய எத்தனை குழந்தைகள் பால் கொடுக்க ஆளில்லாமல் நின்றிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

அப்போது எந்தக் கிருமி என்றுகூட யாருக்கும் தெரியாது. 1933இல்தான் லண்டனில், கீரி மாதிரி இருக்கும் ஃபெரட் என்ற பிராணியை வைத்து ஃப்ளூ வைரஸைக் கண்டுபிடித்தார்கள். பிறகு அந்த ஃபெரட் ஒன்று ஆராய்ச்சியாளர் முகத்தில் தும்மி, அவருக்கே ஃப்ளூ வந்தது தனிக்கதை! மூக்கு ஒழுகல் தரும் ரைனோவைரஸும், இரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு இளைப்பு தரும் ஆர்.எஸ்.வி.யும் 1956இல்தான் தெரியவந்தன. நம்மில் சிலர் பிறப்பதற்குக் கொஞ்சம் முன்னால் வரை, சளி எதனால் வருகிறது என்றே உலகத்துக்குச் சரியாகத் தெரியாது.

இனி எனக்கு மிகவும் பிடித்த பகுதி. இரண்டு டீச்சர்களின் கதை.

கக்குவான் இருமல் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். இளம் தாய்மார்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். சாதாரணச் சளி மாதிரிதான் தொடங்கும். பிறகு பிள்ளை மூச்சு விட முடியாமல் தொடர்ந்து இருமி, முகம் நீலம் பாய்ந்து, கடைசியில் 'ஹூப்' என்று காற்றை இழுக்கும். மாதக்கணக்கில் நீடிக்கும். இதற்குத்தான் நம் ஊர்த் தெருக்களில் கழுதையை ஓட்டிக்கொண்டு வந்து சங்கில் பால் கறந்து விற்பார்கள். கழுதைப் பாலால் கக்குவான் போகாது. பச்சைப் பாலால் வேறு நோய்தான் வரும்.

கக்குவானை அடக்கிய தடுப்பூசிக்குப் பின்னால் பெர்ல் கென்ட்ரிக், கிரேஸ் எல்டரிங் என்ற இரண்டு அமெரிக்கப் பெண்கள் இருக்கிறார்கள். இருவரும் முதலில் பள்ளி ஆசிரியைகள்! பிறகு நுண்ணுயிரியல் படித்து, மிச்சிகன் மாநிலத்தில் கிராண்ட் ராப்பிட்ஸ் என்ற ஊரில் அரசு ஆய்வகத்தில் வேலை பார்த்தார்கள். அது 1930களின் பெரும் பொருளாதார மந்த காலம். பகல் வேலை முடிந்த பிறகு, மாலையில் மண்ணெண்ணெய் விளக்கு எரியும் ஏழை வீடுகளுக்குப் போவார்கள். இருமுகிற பிள்ளையின் வாய்க்கு நேரே ஒரு தட்டைப் பிடித்துக் கிருமியைச் சேகரிப்பார்கள். அந்தக் கிருமியிலிருந்துதான் நம்பகமான தடுப்பூசி பிறந்தது. பிறகு அதையும் தொண்டை அடைப்பான், வில்வாதம் ஆகியவற்றின் தடுப்பு மருந்துகளையும் ஒன்றாகச் சேர்த்தார்கள். நம் பிள்ளைகளுக்குப் போடும் முத்தடுப்பு ஊசியின் பூர்வ கதை அதுதான். சுகாதார நிலையத்தில் பிள்ளைக்கு ஊசி போடும்போது அந்த இரண்டு டீச்சர்களையும் ஒரு கணம் நினைத்துக்கொள்ளுங்கள்.

அதன்பின் வந்ததும் முக்கியம். ஐந்து நோய்களைத் தடுக்கும் பென்டாவேலன்ட் ஊசி 2011 டிசம்பரில் இந்தியாவிலேயே முதலில் தமிழ்நாட்டிலும் கேரளத்திலும்தான் வந்தது. நிமோனியாவைத் தடுக்கும் நியூமோகாக்கல் ஊசி 2021இல் நம் அரசுத் திட்டத்தில் சேர்ந்தது. பெரியாத்தாவின் பிள்ளைகளைக் கொண்டுபோன "சளி கட்டி இழுத்த" நோய்க்கு, இன்று ஆரம்ப சுகாதார நிலையத்தில் காசில்லாமல் தடுப்பு இருக்கிறது. தவணை தவறவிடாதீர்கள். ஃப்ளூ ஊசி மட்டும் அரசு அட்டவணையில் இல்லை. ஆறு மாதம் முடிந்த பிள்ளைக்கு அதுபற்றி உங்கள் குழந்தை மருத்துவரிடம் கேளுங்கள்.

இப்போது மனம் கனக்கும் பகுதிக்கு வருகிறேன். நீங்கள் கேட்ட சிரப் பற்றி.

1937இல் அமெரிக்காவில் ஒரு கம்பெனி, தொண்டை நோய்க்கான மாத்திரையைப் பிள்ளைகளும் குடிக்கும்படி இனிப்புத் திரவமாக மாற்றியது. மருந்தைக் கரைக்க டை எத்திலீன் கிளைக்கால் என்ற வேதிப்பொருளைப் பயன்படுத்தியது. அது இனிக்கும். ஆனால் சிறுநீரகத்தைக் கொல்லும் நஞ்சு. விற்பதற்கு முன் யாரும் சோதிக்கவில்லை. நூறு பேருக்கு மேல் இறந்தார்கள். அதன்பின் அங்கே 1938இல் கடுமையான சட்டம் வந்தது.

பாடம் அத்தோடு முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. நல்ல கரைப்பானுக்குப் பதிலாக இந்த நஞ்சோ, நஞ்சு கலந்த கரைப்பானோ மருந்தில் சேர்வது திரும்பத் திரும்ப நடந்தது. 1970களின் தொடக்கத்தில் நம் சென்னையிலேயே குழந்தைகள் இறந்தார்கள். 1998இல் டெல்லி அருகே குர்கானில் 33 குழந்தைகள். 2019-20 குளிர்காலத்தில் ஜம்முவின் உதம்பூர் மாவட்டத்தில் பத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள். 2022இல் ஆப்பிரிக்காவின் காம்பியாவில் சுமார் 70 குழந்தைகள். அந்த மருந்தும் இந்தியாவிலிருந்து போனதே. 2025இல் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாரா பகுதியில் இருபதுக்கும் மேற்பட்ட குழந்தைகள். அவர்கள் குடித்த இருமல் மருந்து நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரானது. சோதித்தபோது அதில் கிட்டத்தட்டப் பாதி அந்த நஞ்சுதான். அனுமதிக்கப்பட்ட அளவு ஆயிரத்தில் ஒரு பங்குதான்!

அந்தப் பெற்றோர்கள் என்ன தவறு செய்தார்கள்? ஒன்றும் இல்லை. உங்களைப்போலவே, "ராத்திரி தூங்க மாட்டேங்குது, என்ன சிரப் குடுக்கலாம்?" என்று கேட்டவர்கள்தான். தயாரித்தவர்களும் சோதிக்க வேண்டியவர்களும் செய்த குற்றத்துக்குப் பிள்ளைகள் பலியானார்கள்.

எல்லா சிரப்பிலும் நஞ்சு இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. நல்ல மருந்தாகவே இருந்தாலும், சின்னப் பிள்ளையின் சாதாரணச் சளிக்கு இந்த மருந்துகள் பலன் தருவதில்லை என்பதைத்தான் கவனிக்கச் சொல்கிறேன். 2008லேயே அமெரிக்க அரசு இரண்டு வயதுக்குள் கொடுக்காதீர்கள் என்றது. 2023 டிசம்பரில் நம் மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு, சளிக்குப் பரவலாகத் தரப்படும் ஒரு கூட்டு மருந்தின் அட்டையில் 'நான்கு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குக் கூடாது' என்று அச்சிட உத்தரவிட்டது. 2025 அக்டோபரில் மத்திய சுகாதாரத் துறை, இரண்டு வயதுக்குள் இருமல், சளி மருந்து கூடாது, ஐந்து வயது வரை பொதுவாகவே பரிந்துரைப்பதில்லை என்று சொல்லிவிட்டது. பலனும் இல்லை, அபாயமும் உண்டு என்றால் ஏன் கொடுக்க வேண்டும்? மெடிக்கலில் கேட்டு வாங்குவதும், போன முறை மிச்சமான பாட்டிலைத் திறப்பதும், அக்கா பிள்ளைக்கு எழுதியதை நம் பிள்ளைக்குக் கொடுப்பதும் வேண்டவே வேண்டாம்.

அப்படியானால் வீட்டில் என்னதான் செய்வது? பெரியாத்தா செய்ததுதான்: பார்த்துக்கொண்டே இருப்பது. ஆனால் எதைப் பார்ப்பது என்பதை இப்போது அறிவியல் சொல்லித் தந்திருக்கிறது.

1980களில் பப்புவா நியூகினி மலைப்பகுதியில் ஃபிராங்க் ஷான் என்ற குழந்தை மருத்துவர் வேலை பார்த்தார். எக்ஸ்ரே எடுக்க வசதி இல்லாத ஊர்கள். அங்கே எந்தப் பிள்ளைக்கு வெறும் சளி, எந்தப் பிள்ளைக்கு நிமோனியா என்று எப்படிப் பிரிப்பது? பிள்ளையின் மூச்சை எண்ணுவதும், நெஞ்சின் கீழ்ப்பகுதி உள்வாங்குகிறதா என்று பார்ப்பதும் போதும் என்று அவரும் சக மருத்துவர்களும் காட்டினார்கள். உலக சுகாதார நிறுவனம் அதை உலகம் முழுவதும் கொண்டுபோனது.

நம் நாட்டில் மகாராஷ்டிரத்தின் கட்சிரோலி மாவட்டத்தில் அபய் பங், ராணி பங் என்ற மருத்துவத் தம்பதி இதைக் கிராமப் பெண்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். எழுதப் படிக்கத் தெரியாத மருத்துவச்சிகளால் ஐம்பது வரை எண்ண முடியாதே? அதற்கு மணிச்சட்டம் போல ஒரு கருவி செய்தார்கள். ஒரு நிமிட மணல் கடிகாரம், சில மணிகள். பத்து மூச்சுக்கு ஒரு மணியைத் தள்ள வேண்டும். ஒன்றாம் வகுப்பில் நாம் மணிச்சட்டத்தில் கூட்டல் போட்ட அதே முறை! மூச்சு வேகமாக இருந்தால் உடனே மருந்து. அந்தக் கிராமங்களில் நிமோனியாவால் இறக்கும் குழந்தைகளின் விகிதம், மற்ற கிராமங்களில் இருந்ததில் பாதிக்கும் குறைவு என்று 1990இல் லான்செட் இதழில் வெளியானது. அந்த இடத்தில் எண்ணத் தெரிந்ததே ஓர் உயிர் காக்கும் கல்வி.

உங்களுக்கு அந்தக் கருவி வேண்டாம். போனில் கடிகாரம் இருக்கிறது. பிள்ளை அழாமல் இருக்கும்போது, அல்லது தூங்கும்போது, சட்டையைத் தூக்கி வயிறு ஏறி இறங்குவதை ஒரு முழு நிமிடம் எண்ணுங்கள்.

இரண்டு மாதத்துக்குள்: 60 அல்லது அதற்கு மேல்.
இரண்டு மாதம் முதல் ஒரு வயது வரை: 50 அல்லது அதற்கு மேல்.
ஒரு வயது முதல் ஐந்து வயது வரை: 40 அல்லது அதற்கு மேல்.

இந்த எண்ணிக்கை வந்தால் தாமதிக்காமல் மருத்துவரிடம் போங்கள். மூச்சு இழுக்கும்போது விலாவுக்குக் கீழே குழி விழுந்தாலோ, பால் குடிக்க முடியாவிட்டாலோ, எழுப்பினாலும் துவண்டு கிடந்தாலோ, வலிப்பு வந்தாலோ, உதடு நீலமானாலோ நள்ளிரவாக இருந்தாலும் 108ஐக் கூப்பிடுங்கள். மூன்று மாதத்துக்குட்பட்ட குழந்தைக்குக் காய்ச்சல் என்றாலே வீட்டில் வைத்திருக்கக் கூடாது.

இவை எதுவும் இல்லையென்றால் பொறுமைதான் மருந்து. மூக்கடைப்புக்கு மருந்துக் கடையில் கிடைக்கும் உப்புநீர்ச் சொட்டு, பால் கொடுப்பதற்கு முன்னால். காய்ச்சலுக்குப் பாரசிட்டமால் மட்டும், எடையைப் பார்த்து மருத்துவர் சொன்ன அளவில். அதிலும் சொட்டு மருந்து வேறு, சிரப் வேறு. சொட்டு மருந்து பல மடங்கு வீரியமானது. சிரப்பின் அளவில் அதை ஊற்றிவிடாதீர்கள். ஆஸ்பிரின் பிள்ளைகளுக்குக் கூடாது. நெஞ்சில் தடவும் தைல டப்பாவின் அட்டையைப் படியுங்கள், இரண்டு வயதுக்குள் வேண்டாம் என்று அதிலேயே இருக்கும். கற்பூரம் காய்ச்சிய எண்ணெயும் வேண்டாம். கற்பூரம் வயிற்றுக்குள் போனால் வலிப்பு வரும். வெந்நீர்ப் பாத்திரத்தில் ஆவி பிடிக்க வைக்காதீர்கள். சளி தானாகப் போகும், வெந்த தோல் தழும்பாக நிற்கும்.

மூக்கு ஒழுகல் பத்து நாள் வரை இருக்கும். இருமல் இரண்டு மூன்று வாரம்கூட இழுக்கும். அது மருந்து வேலை செய்யாததால் அல்ல, சளியின் கணக்கே அவ்வளவுதான். அந்த இரவுகளில் தாய் மட்டும் விழித்திருக்காமல் தந்தையும் முறை வைத்து எண்ணட்டும். என் மாணவர்கள் எல்லோருக்கும் அறுபது வரை எண்ணச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். பையன்களுக்கும் சேர்த்துத்தான்!

இந்தப் பதிவை உங்கள் வீட்டுப் பாட்டிகளுக்கும் படித்துக் காட்டுங்கள். சந்தேகம் இருந்தால் கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன். தெரியாததற்கு மருத்துவரிடம்தான் அனுப்புவேன்.

பிள்ளைகள் எல்லாம் நலமாக இருக்கட்டும்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்